ஒளிந்துகொள்ள ஓர் இடம்



ஒரு சமயம் குருமனைக்கு வந்தவர்கள் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "ஐயா, தொட்டி இருக்கிறது, மீன் எங்கே?" முன்னறையின் கிழக்குச் சுவரோரம் இரண்டடி நீளமுள்ள கண்ணாடித் தொட்டி ஒன்று இருப்பதை நீங்கள் அறிவீர்கள். அதில் அப்போது ஆறு மீன்கள் இருந்தன. ஆனால் வந்தவர்களின் கண்ணுக்குத் தெரிந்தவை மணலும், சில செடிகளும், சாய்த்து வைத்த ஒரு மண் கலயமுமே. மீனை வலையிலும் கூடையிலும் குழம்பிலும் பார்த்துப் பழகிய கீழக்கரையில், காசு கொடுத்து வாங்கிய மீன் கண்ணிலேயே படாமல் இருப்பது பெரிய வேடிக்கையாகத்தான் இருந்தது.

அந்தத் தொட்டியைப் பற்றி எழுதும்படி நம் சபையின் இரு குடும்பத்தார் கேட்டிருக்கிறார்கள். தங்கள் வீட்டிலும் ஒன்று வைக்க விரும்புகிறார்கள். ஆகவே இந்த வாரத் தியானத்தில் மணலும் தண்ணீரும் அதிகமாகவே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் வீட்டில் ஜூன் மாதம் முதல் தங்கியிருக்கும் என் தம்பி மகனைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது. அவனிடம் கேட்ட பிறகே எழுதுகிறேன். தன் பெயரை எழுதக் கூடாது என்றான். மீன்களின் பெயரை எழுதலாமாம்.

அவனுக்கு எட்டு வயது. வால்பாறையில் பிறந்து வளர்ந்தவன். கடல்மட்டத்திலிருந்து மூவாயிரம் அடிக்கும் மேலே, மழையும் மூடுபனியும் தேயிலைச் சரிவுகளுமாக இருந்த ஊரிலிருந்து, வெயிலும் உப்புக்காற்றுமான நம் ஊருக்கு ஒரே இரவில் வந்து சேர்ந்தான். மார்ச் மாதம் அவன் தாய் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். தகப்பனுக்கு மஸ்கட்டில் வேலை. விடுப்பு முடிந்ததும் அவர் திரும்பியாக வேண்டியிருந்தது. பையன் எங்களிடம் வந்தான். கொடுத்ததைச் சாப்பிட்டான், சொன்ன நேரத்தில் படுத்தான், பள்ளிக்கும் போனான். பேச மட்டும் இல்லை. கேட்டால் தலையசைப்பு. கேள்வி இரண்டாவது முறை வந்தால் அறைக்குள் போய்விடுவான். கதவுக்கும் அலமாரிக்கும் இடையில் உள்ள முக்கோண இடத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். "அங்கே எதற்கடா உட்காருகிறாய்?" என்று ஒரு முறை கேட்ட என் மனைவி, பிறகு அந்த இடத்தில் ஒரு மெத்தையைப் போட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் வந்துவிட்டார். எங்கள் இல்லத்தில் அந்த மாதம் நடந்த அறிவுள்ள காரியம் அது ஒன்றே என்று இன்றும் நினைக்கிறேன்.

தொட்டி வாங்கியது அவனுக்காகத்தான். ஆனால் அவனுக்காக என்று அவனிடம் சொல்லவில்லை. துக்கத்தில் இருக்கும் பிள்ளையின் கையில் ஒரு பரிசைக் கொடுத்துவிட்டு அவன் முகம் மலருகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்பது, அவன்மேல் இன்னொரு பாரத்தை ஏற்றுவதாகும்.

முதலில் தண்ணீரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நம் ஊரின் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பு. அதில் மோலி போன்ற சில மீன்களே இன்பமாக வாழும். காவிரிக் கூட்டுக் குடிநீர் நல்லது, ஆனால் அதில் குளோரின் இருக்கும். அது மீனின் செவுளைச் சுடும். ஒரு வாளியில் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்தால் பெரும்பகுதி போய்விடும். அவசரமானால் கடைகளில் கிடைக்கும் சோடியம் தயோசல்பேட் படிகம் உதவும். மணல் விஷயத்தில் நம்மூராருக்கு ஒரு சோதனை உண்டு. கடற்கரை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கையில் மணலுக்குக் காசு கொடுப்பானேன் என்று தோன்றும். கடல் மணலில் கிளிஞ்சல் தூள் கலந்திருக்கும். அது கரைந்து நீரைக் கடினமாக்கும். நன்னீர் மீனுக்கு மெல்லிய ஆற்று மணலே ஏற்றது. பத்துப் பன்னிரண்டு முறை அலசினால்தான் கலங்கல் நிற்கும்.

தண்ணீரும் மணலும் தயாரான அன்றே மீனை விட்டுவிடக் கூடாது. புதுத் தொட்டியில் மீன்கள் இரண்டு வாரத்தில் செத்துப்போவதற்கு மிகப் பெரிய காரணம் இந்த அவசரமே. மீன் தன் செவுள் வழியாக அமோனியாவை வெளியிடுகிறது. அது மீனுக்கே நஞ்சு. குளத்திலும் ஆற்றிலும் அதைத் தின்று மாற்றும் நுண்ணுயிர்கள் உண்டு: ஒரு வகை அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை ஓரளவு தீங்கற்ற நைட்ரேட்டாக மாற்றும். புதுக் கண்ணாடித் தொட்டியில் இவை இரா. பஞ்சு வடிகட்டியிலும் மணலிலும் இவை குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை அவற்றுக்கும் இரை வேண்டும். ஆகவே மீனில்லாத தொட்டியில் நாள்தோறும் ஒரு சிட்டிகை மீன் உணவைப் போட்டு அழுகவிட வேண்டும்.

அந்தச் சிட்டிகையைப் போடும் வேலையைப் பையனிடம் ஒப்படைத்தேன். காரணத்தைச் சொன்னேன், அவன் தலையசைத்தான். பள்ளிக்குக் கிளம்பும் முன் தினமும் போட்டான். பார்த்தவர்கள் சிரித்தார்கள். "ஐயர் தண்ணீரை வளர்க்கிறார்" என்று நம் மூப்பர் ஒருவர் செய்த கேலி உங்களில் பலருக்கு எட்டியிருக்கும். ஐந்து வாரம் ஒரு சிறுவன் வெறும் தொட்டிக்கு உணவிட்டான். எவருக்கும் அதில் பலன் ஒன்றும் தெரியவில்லை.

வாரம் இரு முறை அமோனியா சோதனை. சிறு குழாயில் தொட்டி நீரை எடுத்து, மருந்தைச் சொட்டுக் கணக்கில் விட்டுக் குலுக்கிச் சில நிமிடம் வைத்தால் நிறம் தெரியும். பச்சை என்றால் அமோனியா இருக்கிறது. மஞ்சள் என்றால் இல்லை. இரண்டாம் வாரம் கரும்பச்சை. நான்காம் வாரம் இளம்பச்சை. நைட்ரைட்டுக்கு வேறொரு சோதனை. அது அடங்க இன்னும் சில நாள் பிடித்தது. ஒரு சனிக்கிழமை காலை நான் ஞாயிறு பிரசங்கத்துக்குக் குறிப்பெழுதிக்கொண்டிருந்தபோது வாசலில் நிழல் தெரிந்தது. "பெரியப்பா, மஞ்சள் ஆயிடுச்சு" என்றான். யாரும் கேட்காமல் இந்த வீட்டில் அவன் தானாகச் சொன்ன முதல் சொல் அதுவே. நான் எழுந்து போய்க் குழாயைப் பார்த்து, "ஆமாம், மஞ்சள்தான்" என்றேன். அதற்கு மேல் ஏதேனும் சொல்லவேண்டும் என்று நாக்கு துடித்தது. சொல்லவில்லை.

நாங்கள் தேர்ந்தது குஹ்லி லோச் என்னும் மீன். தென்கிழக்கு ஆசியாவின் மெதுவாக ஓடும் ஓடைகளில், இலைச் சருகுக்கும் மணலுக்கும் இடையே வாழ்வது. விரல் நீளம், விலாங்குக் குஞ்சைப் போன்ற உடல், மஞ்சள் கலந்த இளஞ்சிவப்பில் கருப்புப் பட்டைகள். பகலில் ஒளிந்திருந்து இரவில் இரை தேடும். தனியாக விட்டால் ஒடுங்கிப்போகும். ஐந்தாறாவது சேர்ந்திருக்க வேண்டும். இவ்வளவு கூச்சமுள்ள மீனை ஏன் தேர்ந்தீர்கள், வண்ண வண்ணமாகக் கப்பி வாங்கியிருக்கலாமே என்று கேட்டவர்கள் உண்டு. தேர்ந்தது நானல்ல, பையன். கடையிலிருந்த முப்பது தொட்டிகளில், ஒன்றுமே இல்லாததுபோல் தோன்றிய தொட்டியின்முன் போய் நின்றான்.

மீன் வருமுன் ஒளிவிடங்களை அமைத்தோம். பாதி தேங்காய்ச் சிரட்டைகளை நிறம் இறங்கும்வரை வேகவைத்துக் கவிழ்த்தோம். பனையேறும் சகோதரர் ஒருவர் புதுக் கலயம் ஒன்று தந்தார். பதநீர் இறக்கிய கலயம் ஆகாது. அதன் உட்புறம் தடவிய சுண்ணாம்பு நீரின் தன்மையை மாற்றிவிடும். அழகுக்காகப் பவளப்பாறைத் துண்டு வைக்கலாமே என்று ஒரு தம்பி கொண்டுவர முன்வந்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதுவும் நீரைக் கெடுக்கும் என்பது ஒரு காரணம். நம் ஊருக்கு எதிரே அப்பா தீவும் வாலை, முள்ளி, ஆனைப்பார் முதலிய தீவுகளும் மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவுக்குள் இருக்கின்றன. அங்கிருந்து பவளத்தை எடுப்பது சட்டப்படி குற்றம் என்பது அதைவிடப் பெரிய காரணம். கடல் அட்டைக்கும் கடற்குதிரைக்கும் 2001-இல் வந்த தடையை மீறிச் சிறைக்குப் போனவர்களை நம் கரையோரம் அறியும்.

ஒளிவிடம் அதிகம் வைத்தால் மீன் எப்போதும் ஒளிந்தே இருக்குமே என்று நினைப்பது இயல்பு. மீன் வளர்ப்போர் பலர் அப்படி எண்ணிச் செடியையும் கல்லையும் எடுத்துவிடுகிறார்கள். அப்போது மீன் கண்ணில் படும், உண்மைதான். மூலையில் நிறம் வெளுத்து, துடுப்பை உடலோடு ஒட்டி, செவுள் படபடக்க நிற்பது கண்ணில் படும். பயத்தில் சுரக்கும் கார்டிசால் நாள்கணக்கில் குறையாமல் நின்றால் நோயெதிர்ப்பு தளரும். வெள்ளைப்புள்ளி நோய் வந்து சேரும். பக்கத்திலேயே ஓடி ஒளிய இடமுண்டு என்று அறிந்த மீனே திறந்த வெளிக்கு வரத் துணியும். இதை நான் புத்தகத்தில் படித்திருந்தேன். நம்பியது கண்ணால் கண்ட பிறகுதான்.

இராமநாதபுரத்துக் கடைக்கு அந்த மீன்கள் சென்னைக் கொளத்தூரிலிருந்து இரவுப் பேருந்தில் வந்தவை. தமிழ்நாட்டில் வண்ணமீன் வளர்ப்போர் எவருக்கும் கொளத்தூரைத் தெரியும். பையில் ஒரு பங்கு நீர், இரண்டு பங்கு ஆக்சிஜன். 500 கிலோமீட்டருக்கும் மேல் இருட்டிலும் குலுக்கலிலும் பயணம். அவற்றை இரண்டு வாரம் தம் தொட்டியில் வைத்துக் கவனித்த பிறகே கடைக்காரர் விற்றார். வந்த அன்றே விற்கும் கடைகளைவிட இது பன்மடங்கு மேல். அப்படி வைக்காத கடையில் வாங்கினால், வீட்டில் வேறு தொட்டியில் இரண்டு முதல் நான்கு வாரம் தனியே வைத்துப் பார்க்க வேண்டும்.

பையைப் பிரிப்பதில் ஒரு நுட்பம் உண்டு, தெரிந்துகொள்ளுங்கள். நீண்ட பயணத்தில் மீனின் கழிவால் பைநீரில் அமோனியா சேருகிறது. அதே நேரத்தில் மீன் விடும் மூச்சின் கரியமிலவாயு நீரை அமிலமாக்குகிறது; அமில நீரில் அமோனியா, அமோனியமாகிக் கடுமை குறைந்து கிடக்கிறது. பையைத் திறந்ததும் கரியமிலவாயு வெளியேற, அமிலம் குறைய, அமோனியம் மறுபடி நஞ்சாக மாறுகிறது. ஆகவே தொலைவிலிருந்து வந்த பையைத் திறந்துவைத்துக்கொண்டு மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாக நீர் சேர்ப்பது மீனுக்கு நன்மை செய்யாது. எங்கள் பை வெறும் அரைமணிப் பேருந்துப் பயணம், அச்சமில்லை. மூடிய பையை இருபது நிமிடம் தொட்டி நீரில் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமப்படுத்தினோம். பிறகு திறந்து, சில நிமிடத்துக்கு ஒரு முறை அரைக் கோப்பைத் தொட்டி நீரைச் சேர்த்தோம். பைநீரைத் தொட்டிக்குள் ஊற்றலாகாது. மீனை மட்டும் மாற்ற வேண்டும். லோச்சுக்கு வலையும் ஆகாது: அதன் கண்ணுக்குக் கீழே சிறு முள் உண்டு, பயந்தால் அது நிமிர்ந்து வலைக்கண்ணில் சிக்கிக்கொள்ளும். ஒரு பிளாஸ்டிக் குவளையால் ஒவ்வொன்றாக எடுத்தோம்.

மாலை நேரம், விளக்கைப் போடவில்லை. என் மனைவி பழைய சேலை ஒன்றால் தொட்டியின் மூன்று பக்கமும் மூடினார். அன்று உணவும் இல்லை. ஆறு மீன்களும் நொடிப்பொழுதில் மணலுக்குள்ளும் கலயத்துக்குள்ளும் மறைந்தன. அதன்பின் பதினேழு நாள், பகலில், ஒன்றைக்கூட நான் காணவில்லை.

அந்தப் பதினேழு நாளில் தொட்டியருகே வந்தவர்களின் விரல்களைக் காவல் காத்ததே என் பெரிய வேலை. கண்ணாடியைத் தட்டிப் பார்க்காத மனிதர் அரிது. காதால் கேட்பதோடு, உடலின் இருபுறமும் ஓடும் பக்கக்கோட்டு உறுப்பால் நீரின் அதிர்வைத் தோலால் உணர்வது மீன். நாம் விரலால் சுண்டுவது அதற்கு இடி. இன்னும் சிலர் சிரட்டையைத் தூக்கிப் பார்க்கச் சொன்னார்கள், உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள. நியாயமான கவலைதான். அதற்காகத் தூக்கினால், அந்த மீனுக்கு அதன் பிறகு சிரட்டை வீடாக இராது.

இரவில் ஒன்பதரைக்கு மேல், விளக்கணைத்த பிறகு, மூழ்கும் உணவு இரண்டு துண்டு போடுவோம். காலையில் இராது. அதுவே எங்களுக்குக் கிடைத்த செய்தி. பிறகு பையன் கைவிளக்கின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித் தாளை இரண்டு மடிப்பாகச் சுற்றினான்; சிவப்பு ஒளி இரவில் மீன்களை அவ்வளவாகக் கலைப்பதில்லை என்று நான் சொல்லியிருந்தேன். ஒவ்வோர் இரவும் தரையில் வயிற்றின்மேல் படுத்துக்கொண்டு எண்ணுவான். முதல் வாரம் இரண்டு. பிறகு மூன்று. மணலிலிருந்து தலையை மட்டும் நீட்டி, குட்டை மீசைகள் அசைய, அவை இரைக்காகத் துழாவுவதைக் காண்பது அழகு. நானும் பக்கத்தில் படுப்பேன். இருவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. இருட்டில், ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கும் இருவருக்கு முகம் பார்க்கும் கட்டாயம் இல்லை. ஒரு நாள் இரவு, "அம்மா இருந்தா பயந்திருப்பாங்க. பாம்பு மாதிரி இருக்குல்ல" என்றான். "இருக்கிறது" என்றேன். மறுபடியும் எண்ணத் தொடங்கினான்.

அந்த நாட்களில் எலியாவைப் பற்றி அடிக்கடி நினைத்தேன். யேசபேலுக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடிச் சூரைச்செடியின் கீழ் விழுந்து, சாக வேண்டும் என்று கேட்டவர். அந்த அதிகாரத்தை நாம் பெரும்பாலும் மெல்லிய சத்தத்துக்காகவே வாசிக்கிறோம். அதற்கு முந்திய பகுதியை இன்னொரு முறை வாசித்துப் பாருங்கள். நிழல், நித்திரை, தழலில் சுட்ட அடை, தண்ணீர். மறுபடி நித்திரை; மறுபடி உணவு. தூதன் அவரிடம் விளக்கம் ஒன்றும் கேட்கவில்லை; கர்மேலில் நடந்ததை நினைவூட்டித் தேற்றவும் இல்லை. எழுந்து உண்ணச் சொன்னதோடு சரி. இங்கே என்ன செய்கிறாய் என்னும் கேள்வி வரவே வருகிறது. ஆனால் அது நாற்பது நாள் நடைக்குப் பிறகு, ஓரேபில், ஒரு கெபிக்குள் இராத்தங்கிய பின்பு வருகிறது. இத்தனை ஆண்டுகளாக எத்தனையோ துக்க வீடுகளுக்கு நான் சென்றிருக்கிறேன். அந்த வரிசையை அங்கே எத்தனை முறை கண்டிருப்பேன் என்று எண்ணினால் விரல்கள் மிஞ்சும்.

இங்கே உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும். நீங்கள் அவன்மேல் வைத்திருக்கும் அன்பு எனக்குத் தெரியும். ஆராதனை முடிந்து வாசலில் அத்தைமார் அவன் கன்னத்தைத் தொட்டு, "அம்மா ஞாபகம் வருதாப்பா?" என்று கேட்கையில் உங்கள் கண்ணே கலங்குவதையும் பார்க்கிறேன். அந்தக் கேள்வியைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். வருகிறது. அதை வாசலில், இருபது பேர் நடுவில் சொல்ல அவனால் முடியாது. சிறுவர் நிகழ்ச்சியில் அவனை முன்னே அழைத்து ஒரு பாட்டுப் பாடச் சொல்லலாம் என்ற யோசனையும் வேண்டாம். ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியை ஒருவர் அவனுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறார்: வகுப்புத் தொடங்குமுன் எல்லாருடைய பென்சில்களையும் சீவி வைப்பது. ஜூலை முதல் அவன் ஒரு வாரமும் தவறவில்லை. அவருக்கு என் நன்றி. வடக்குத் தூணுக்குப் பின்னால், ஜன்னலோரம் அவன் உட்காரும் இடம் பிரசங்க பீடத்திலிருந்து பார்த்தால் எனக்குப் பாதிதான் தெரியும். அவனை நடு வரிசைக்கு நகர்த்த வேண்டாம்.

அடுத்தது டேனியோ மீன்களின் கதை. பேசும் மீனறிவியலில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இது. கார்ல் வான் ஃபிரிஷ் என்னும் ஆஸ்திரிய அறிஞரைத் தேனீக்களின் நடனத்துக்காக உலகம் அறியும். 1973-இல் நோபல் பரிசு பெற்றார். அவரே 1938-இல் மீன்களைப் பற்றியும் ஒன்று கண்டு எழுதினார்: கூட்டத்தில் ஒரு சிறு மீனின் தோல் காயப்பட்டால், அதிலிருந்து நீரில் கசியும் ஒரு பொருளை உணர்ந்தே மற்ற மீன்கள் சிதறி ஓடுகின்றன. பயம் நீரின் வழியே பரவுகிறது. அதன் மறுபக்கமும் பிற்காலத்தில் தெரியவந்தது. பக்கத்தில் அமைதியாகத் திரியும் துணையைக் கண்டால் மீனின் பயம் குறைகிறது. ஆய்வுக்கூடங்களில் இதைக் காட்டியது, கங்கைச் சமவெளியின் வயல்களிலும் ஓடைகளிலும் வாழும் நம் நாட்டு ஜீப்ரா டேனியோ. மீன் வளர்ப்போர் இதை ஆய்வுக்கு முன்பே கைப்பழக்கத்தால் அறிந்திருந்தார்கள். கூச்ச மீனுள்ள தொட்டியில், மேல்நீரில் எந்நேரமும் சுற்றும் சாது மீன் ஏழெட்டை விடுவார்கள். அவை கவலையின்றித் திரிவதைக் கண்டு, மேலே பருந்து இல்லை, கொக்கு இல்லை என்று அடியிலுள்ளவை அறிந்துகொள்ளும்.

மீன் வந்த மூன்றாம் வாரம் எட்டு டேனியோக்களைச் சேர்த்தோம், அவற்றையும் தனியே வைத்துக் கவனித்த பிறகு. ஒரு வாரத்துக்குள் பட்டப்பகலில் இரண்டு லோச் கலயத்தின் வாயில் வந்து கிடந்தன.

டேனியோக்கள் வந்த செய்தி அடுத்த வீட்டுக்கும் எட்டியது. அந்த மரைக்காயர் குடும்பத்துப் பிள்ளைகள் இருவர், ஒன்பது வயதும் ஏழு வயதும், மாலை ஐந்து மணிக்கு வரத் தொடங்கினார்கள். "ஐயா, மீன் பார்க்கலாமா?" என்று கேட்பது ஒரு சடங்கு, பதிலுக்கு முன்பே உள்ளே இருப்பார்கள். எந்த மீன் வேகமானது என்று தங்களுக்குள் சண்டையிட்டுக்கொள்வார்கள். பந்தயம் வைப்பார்கள். மஃக்ரிப் பாங்கு கேட்டதும் ஓடிவிடுவார்கள். எங்கள் பையனிடம் அவர்கள் எதையும் விசாரிக்கவில்லை. அவனுக்குத் தாய் இல்லை என்பதுகூட அப்போது அவர்களுக்குத் தெரியாது. அவன் அறைக் கதவருகே நின்று பார்ப்பான். மறுநாள் நாற்காலிக்குப் பக்கத்தில். ஐந்தாம் நாள் இளையவன் கண்ணாடியைத் தட்டக் கையை ஓங்கியபோது, "தட்டாதே, அதுக்கு இடி மாதிரி கேக்கும்" என்று எங்கள் பையன் அவன் கையைப் பிடித்தான். இப்போது மூவரும் சேர்ந்து சண்டையிடுகிறார்கள். ஐந்து முதல் ஆறு வரை என்னால் எதையும் படிக்க முடிவதில்லை.

செப்டம்பரில் ஒரு விடுமுறை நாளில் மூன்று பிள்ளைகளையும் மண்டபத்துக்கு அழைத்துச் சென்றேன். 1947 பிப்ரவரி 3 அன்று தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகம் முன்பு இருந்தது அங்கேதான். தலைமையகம் 1971-இல் கொச்சிக்குப் போனபின்னும் மண்டபத்தில் அதன் மையம் இயங்குகிறது. கோமாளி மீனைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்துக் குஞ்சு வளர்க்கும் முறையை வகுத்த இடங்களில் அதுவும் ஒன்று. பவளப்பாறையில் பிடிக்காமலேயே இவற்றை வளர்க்க வழி இருக்கிறது என்பது நம் கடலுக்கு நல்ல செய்தி. கோமாளி மீன் வாழ்வது கடற்சாமந்தியின் கொடுக்குகளுக்கு நடுவே. பிற மீன் தொட்டால் கொட்டும், கோமாளியைக் கொட்டாது. ஆனாலும் புதிய கோமாளி மீன் முதல் முறையே உள்ளே பாய்வதில்லை. அருகே வந்து வாலால் ஒரு தொடுதல், உடனே விலகல். பிறகு துடுப்பால். பிறகு வயிற்றால். நிமிடக்கணக்கிலோ மணிக்கணக்கிலோ இப்படிப் பழகி, தன் உடலைப் போர்த்திய வழவழப்புப் படலத்தின் காவலில், கடைசியாக நடுவில் போய்ப் படுக்கும். கடற்சாமந்தி அதுவரை நின்ற இடத்திலேயே நிற்கிறது.

திரும்பும் வழியில் மண்டபம் முகாமைக் காட்டினேன். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம் மக்களை, நோய் கடல் தாண்டிவிடக் கூடாதென்று, அக்கால இலங்கை அரசு நாள்கணக்கில் நிறுத்திச் சோதித்தது இந்த முகாமில். 1964-இல் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி திரும்பி அனுப்பப்பட்டவர்கள் வந்து இறங்கித் தங்கியதும் இங்கே. 1983-க்குப் பின் போரில் ஓடிவந்தவர்களுக்கும் இதுவே முதல் கூரை. புதிதாய் வந்தவர்களை எண்ணி, சோதித்து, வரிசையில் நிறுத்தியே பழகிய மண் அது. அங்கே ஒருவரின் கூச்சத்துக்கு யார் இடம் கொடுத்திருப்பார்கள்? பையன் பேருந்து ஜன்னலில் முகத்தைப் பதித்திருந்தான். "அம்மாச்சி இங்கதான் வந்து இறங்கினாங்களாம். அம்மா சொல்லியிருக்காங்க" என்றான். அவன் தாயின் குடும்பம் தாயகம் திரும்பிய குடும்பம் என்பதும், அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்து வால்பாறைக்குப் போனார்கள் என்பதும் எனக்குத் தெரியும். மண்டபம் வழியாக வந்தார்கள் என்பது தெரியாது. மரைக்காயர் வீட்டு மூத்தவன், "அப்ப நீ இந்தப் பக்கத்து ஆள்தான்" என்று தீர்ப்பளித்தான். பையன் மறுக்கவில்லை.

மஸ்கட்டிலிருந்து தம்பி வெள்ளிக்கிழமைகளில் பேசுவார். முன்பெல்லாம் பையன் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருப்பான். தகப்பன் பேசிப் பேசி ஓய்வார். இப்போது எண்ணிக்கை சொல்கிறான்: எத்தனை லோச் தெரிந்தது, எந்த டேனியோ குண்டாகிவிட்டது. சில நாட்களில் மறுபடியும் ஒன்றும் பேசாமல் அந்த முக்கோண இடத்துக்குப் போய்விடுகிறான். மெத்தை அங்கேயே இருக்கிறது.

தொட்டி வைக்க விரும்பும் இரு குடும்பத்தாரும் வரும் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு வரலாம். அமோனியா சோதனையைத் தானே செய்து காட்டுவதாகப் பையன் சொல்லியிருக்கிறான். ஒரே நேரத்தில் நான்கு பேருக்கு மேல் கூடாது என்பது அவன் நிபந்தனை. உங்கள் வீட்டில் எந்தத் தண்ணீரைப் பயன்படுத்தப் போகிறீர்களோ, அதில் ஒரு பாட்டில் கொண்டுவாருங்கள். சோப்புப் படாத பாட்டிலாக இருக்கட்டும்.